ஒயில் பம்ப் விசாரணை

எண்பத்து மூன்றாம் ஆண்டின் முதல் ஆறு மாதமும் எங்கள் வீட்டில் நடந்த சண்டையெல்லாம் ஓர் ஒயில் பம்பைப் பற்றித்தான். மற்றத் தமிழ் வீடுகளில் நாடு போகிற போக்கைப் பற்றிக் குரலைத் தாழ்த்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒயில் பம்பைப் பற்றிக் கதைக்கக் குரலைத் தாழ்த்தத் தேவையில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டது.

அப்பாவுக்கு ஆற்று நீரை அளக்கிற அரசாங்கப் பிரிவில் வேலை. யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டிப் பக்கம் மாற்றலாகி வந்தவர், திரும்பிப் போகவில்லை. கெலிஓயாவுக்குக் கீழே மகாவலிக் கரையோரம் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் தந்திருந்தார்கள். அதன் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, இரண்டு கதிரை, நீரோட்டம் அளக்கிற கருவியை வைத்த மரப்பெட்டி, ஒரு தொலைபேசி. தினமும் காலையில் அப்பா ஆற்றங்கரைக் கொட்டிலுக்குப் போய் நீர்மட்டம் பார்த்து, கண்டியிலிருந்த எஞ்சினியருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கிழமைக்கு ஒருமுறை படகில் போய், அந்தக் கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி நீரோட்டம் அளக்க வேண்டும். அவருக்கு உதவியாகக் குணதாச என்ற படகுக்காரர் இருந்தார். அவர் வீடும் பக்கத்தில்தான்.

படகு பழையது. அந்த வருடத் தொடக்கத்தில் அதற்குப் புது எஞ்சின் வந்தது. படகின் பின்பலகையில் பூட்டுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ஏதோ வெளிநாட்டு உதவியாம். அதுவரைக்கும் இருந்த எஞ்சினுக்கு அப்பா தன் கையாலேயே பெற்றோலில் ஒயில் கலந்துதான் ஊற்றுவார். புதிதுக்கு அந்த வேலை இல்லை. ஒயிலுக்கென்று மூடிக்குள்ளேயே தனித் தொட்டி இருந்தது. வேகத்துக்குத் தக்கபடி ஒரு சின்னப் பம்ப் ஒயிலை எஞ்சினுக்குள் அனுப்பும். தொட்டியில் ஒயில் குறைந்தால் ஒரு மணி கீச்சிடும். எஞ்சினியர் அதைத் தன் கையாலேயே திறந்து காட்டிப் பெருமைப்பட்டார். குணதாச கும்பிட்டார். அப்பா மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்கிவிட்டார்.

"தொட்டியிலை ஒயில் இருக்கோ இல்லையோ எண்டுதான் மணி சொல்லும். பம்ப் வேலை செய்யுதோ, ஒயில் உள்ளுக்குப் போகுதோ எண்டு ஆர் சொல்லுறது? நடு ஆத்திலை பிஸ்டன் இறுகினாப் பிறகு எஞ்சினே சொல்லும்."

அம்மா சோற்றைப் போட்டபடி, "அரசாங்கத்தின்ர எஞ்சின். இறுகினா அவங்கட எஞ்சின்தானே இறுகும்," என்றாள்.

"எஞ்சின் அவங்கட. அதிலை இருக்கிற ஆள் நானெல்லோ?"

இது வெறும் பயம் இல்லை. அதே மாதிரி எஞ்சின் இன்னோர் ஆற்று நிலையத்துக்கும் போயிருந்தது. அங்கே பம்புக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்லொன்று தேய்ந்து, தொட்டி நிறைய ஒயில் இருக்க எஞ்சின் காய்ந்து இறுகிப்போனது. படகில் இருந்தவர்களை வெள்ளம் கொண்டுபோய் ஒரு மூங்கில் புதரில் சொருகியது. அப்பா அந்த எஞ்சினைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்.

எஞ்சினியரிடமும் நியாயம் இருந்தது. மனிதன் மறப்பான், பம்ப் மறக்காது என்பார் அவர். ஒருநாள் ஒயில் கலக்க மறந்து வெறும் பெற்றோலை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டார். பம்பைக் கழற்ற அனுமதி கேட்டு அப்பா மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: கையேட்டின்படி நடந்துகொள்ளவும்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் அப்பா பம்பைக் கழற்றினார்.

அனுமதி இல்லாமல், பகல் வெளிச்சத்தில், வாசலில் பாய் விரித்து வைத்துக் கழற்றினார். களவாகச் செய்கிற வேலை இல்லை என்று எல்லாருக்கும் தெரிய வேண்டுமாம். குழாய்களின் வாயை அடைத்தார். தொட்டியில் கிடந்த நீல நிற ஒயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்தெடுத்தார். மணியின் வயரைக் கழற்றிச் சுருட்டிக் கட்டினார். பம்பைத் துணியில் சுற்றி, ஒயிலோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்தார். பிறகு எஞ்சினை ஒரு தண்ணீர்ப் பீப்பாய்க்குள் நிறுத்தி, கலந்த பெற்றோலில் அரை மணித்தியாலம் ஓட விட்டார். ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில். அளக்கிறதற்கு அவருக்கு அகப்பட்டது, கோடு போட்டிருந்த தம்பியின் பால் போத்தல். அம்மா அதைக் கண்டுபிடித்தபோது வீட்டில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறுநாளே தம்பிக்குப் புதுப் போத்தல் வந்தது. பழையது ஒயில் அளக்கிற போத்தலாகிப் படகிலேயே வெறுமையாகக் கிடந்தது.

"கேட்டால் என்ன சொல்லுவியள்?" என்றாள் அம்மா.

"கழட்டினன் எண்டு சொல்லுவன்."

எனக்கு அப்போது பத்து வயது. இந்த உலகத்தில் எவருக்கும் பயப்படாத ஒரே ஆள் அப்பாதான் என்று அன்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஆடி மாதம் மழை பிடித்தது. மகாவலி மண் நிறமாகி, கரையின் புல்லைத் தின்றுகொண்டு ஏறியது. அந்தக் கிழமைதான் கொழும்பில் தமிழருடைய வீடுகளும் கடைகளும் எரிகின்றன என்ற செய்தி வந்தது. அடுத்த நாள் கண்டியில் என்றார்கள். அதற்கும் அடுத்து எங்கே என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் குணதாச மூச்சிரைக்க ஓடிவந்தார். சந்திக்கு ஒரு லொறியில் ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள், கையில் பேர் எழுதிய கடதாசி இருக்கிறது என்றார். றோட்டுப் பக்கம் போக முடியாது. பின்னால் ஆறு. அக்கரையில் முஸ்லிம் ஆட்களின் ஊர். அங்கே காசிம் நானா என்று அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். வழக்கமாகத் துடுப்புப் போட்டே கடக்கலாம். அன்றைய வெள்ளத்தில் துடுப்பு வெறும் தடிதான்.

இந்த இடத்தில்தான் அப்பா எனக்கு விளங்காத ஒரு காரியம் செய்தார். தொலைபேசியை எடுத்து எஞ்சினியரைக் கூப்பிட்டார்.

நிலைமையைச் சிங்களத்தில் சொன்னார். சந்தியில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும், அனுமதி வேண்டும் என்றார்.  பிறகு எஞ்சினியர் ஏதோ கேட்டார். அப்பா நீர்மட்டம் எவ்வளவு என்று சொன்னார். பிறகு "ஓம் சேர், ஓம் சேர்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"வெள்ளம் கூடுதாம். இண்டைக்கே நீரோட்டம் அளக்கட்டாம். எத்தினை தரம் வேணுமெண்டாலும் அளக்கட்டாம்."

அம்மாவின் முகம் போன போக்கை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. "ஆக்களைக் கொளுத்துறாங்கள், அந்த மனிசன் தண்ணி அளக்கச் சொல்லுதோ? நீங்களும் அளக்கப் போறியளோ?" என்று கத்தினாள். அப்பா மேசையிலிருந்த அலுவலக நாட்குறிப்பை விரித்து நேரத்தையும் ஏதோ இரண்டு வரியையும் நிதானமாக எழுதத் தொடங்கினார்.

"எழுதுறதுக்கு இதோ நேரம்!"

அம்மா அதற்குமேல் நிற்கவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கினாள், என்னைக் கையில் பிடித்தாள், நேரே இறங்கிப் போய்ப் படகுக்குள் உட்கார்ந்தாள். "வெட்டினாலும் இதிலையிருந்து இறங்கமாட்டன். அளக்கிறதெண்டா எங்களையும் வைச்சுக்கொண்டு அளக்கட்டும்," என்று ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். அப்பா அவள் பின்னாலேயே வந்தார். கருவிப் பெட்டி அவர் கையில் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

முதல் தரம் போனது நாங்கள். காசிம் நானா கரையில் முழங்கால் தண்ணீரில் நின்று படகைப் பிடித்தார். எங்களை இறக்கிவிட்டு அப்பா திரும்பினார். சந்தி வீட்டுக்காரர்களைக் குணதாச பின்வழியாகக் கூட்டிவந்து, நீர்மட்டம் பார்க்கிற கொட்டிலுக்குள் ஒளித்து வைத்து, நாலைந்து பேராக ஏற்றிவிட்டார். ஏறியவர்கள் படகின் அடியில் படுத்துக்கொண்டார்கள். மேலே தார்ப்பாய் மூடியிருந்தது. கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அப்பா ஒருவர் மட்டும் எஞ்சின் கைபிடியைப் பிடித்தபடி வருகிற மாதிரித் தெரிந்தது. சந்திப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. சலூன் மாரிமுத்துவின் கடை அது என்று பிறகு தெரிந்தது.

ஆறாவது தரம் காசிம் நானாவின் கரையைத் தொடும்போது எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. கலந்து வைத்திருந்த பெற்றோல் முடிந்துவிட்டது. கிழமைக்கு ஒரு பயணத்துக்கென்று கலந்த பெற்றோல் ஒரே பின்னேரத்தில் ஆறு பயணத்துக்கு எங்கே காணும்? அந்தப் பக்கம் கொட்டிலுக்குள் மாரிமுத்துவும், பிள்ளைத்தாச்சியான அவர் மனைவியும், இரண்டு பிள்ளைகளும் மிச்சம்.

"பைக்ல பெற்றோல் ஈக்கி, சேர். கழட்டி எடுப்போம்," என்று காசிம் நானா ஓடினார். வாளியில் கொண்டுவந்தார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது வெறும் பெற்றோல். நீல ஒயில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், குவார்ட்டர்ஸ் அலுமாரிக்குள் இருந்தது. பம்ப் அதன் இடத்தில் இருந்திருந்தால், தொட்டியில் ஒயில் கிடந்திருந்தால், இந்த வாளியை அப்படியே ஊற்றிக்கொண்டு போயிருக்கலாம்.  அங்கே நின்ற எல்லாரையும்விட அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். இருபது முப்பது பேர், கையில் பொல்லுத் தடிகளோடு எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டில் வாசலில் குணதாச தனியே உட்கார்ந்திருந்தார்.

"ஒயில் இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடும்?" என்று அம்மா கேட்டாள்.

"நடு ஆறு மட்டும் ஓடும்."

"என்ன எண்ணெய் எண்டாலும் சரிதானே? வழுக்கினாச் சரிதானே?"

அப்பா பதில் சொல்வதற்குள் காசிம் நானாவின் மனைவி விறுவிறென்று வீட்டுக்குள் போய்த் திரும்பினார். கையில் ஒரு பெரிய போத்தல். "தேங்காயெண்ணெதான் ஈக்கி. இது பத்துமா, பாருங்க."

"தேங்காய் எண்ணெயிலை எஞ்சின் ஓடாது," என்றார் அப்பா.

"ஆர் சொன்னது? கையேட்டிலை இருக்கோ?" என்றாள் அம்மா.

அவள் படகுக்குள் குனிந்து பழைய பால் போத்தலை எடுத்தாள். எத்தனை கோடு என்று கேட்டாள். அப்பா சொன்னார். ஒரு பங்கு கூடவே அளந்து ஊற்றினாள். வாளியைத் தடியால் கலக்கினாள். அப்பா அதைப் பெற்றோல் தொட்டிக்குள் வடிகட்டி ஊற்றிக் கயிற்றை இழுத்தார். நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. வெள்ளைப் புகை ஆற்றின் மேல் பரவ, யாரோ கரையிலிருந்து வடை சுடுகிற மாதிரி ஒரு வாசம் வந்தது. அந்த நேரத்திலும் எனக்குப் பசித்தது. இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

அப்பா பொல்லுக்காரர்கள் நின்ற கரையை நோக்கிப் படகை விட்டார். சுற்றிப் போகவில்லை, தயங்கவில்லை. நேரே போனார்.

அங்கே நடந்ததைக் குணதாச பிறகுதான் சொன்னார். வந்தவர்கள் படகைக் காட்டி என்ன நடக்கிறது என்று கேட்டார்களாம். குணதாச எழும்பக்கூட இல்லை. கண்டிப் பெரிய கந்தோர் எஞ்சினியரின் உத்தரவு, வெள்ளம் கூடுகிறது, மத்தியானத்திலிருந்து ஆற்றை அளக்கிறோம், குழப்பினால் கீழே உள்ள உங்கள் ஊர்தான் முதலில் தாழும் என்றாராம். உத்தரவு எங்கே என்று ஒருவன் கேட்டிருக்கிறான். போய்ப் பார், மேசையில் புத்தகம் விரித்தபடி இருக்கிறது, நேரத்தோடு எழுதியிருக்கிறது என்றாராம். அவர்கள் மேலே ஏறிப் போனார்கள். யன்னல் எல்லாம் உடைத்தார்கள், அம்மாவின் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்துக்குள் அப்பா கரை தொட்டு மாரிமுத்து குடும்பத்தை ஏற்றிவிட்டார். பாதி ஆற்றில் வரும்போது கண்டுகொண்டு கல்லெறிந்தார்கள். ஒரு கல் எஞ்சின் மூடியில் பட்டுச் சொட்டை விழுந்தது. எஞ்சின் நிற்கவில்லை.

இக்கரையில் இறங்கியதும் மாரிமுத்து, "ஐயா, நாங்க பொழைச்சிட்டோங்க," என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மனைவி அழவில்லை. எரிகிற தன் கடையின் புகையைப் பார்த்து, "அழுவாதீங்க. கத்திரிக்கோலு என் மடியிலதான் இருக்கு. எங்க போனாலும் முடி வளரும்," என்றார். சில நாளில் அவர்கள் பன்வில பக்கம் ஒரு தோட்டத்திலிருந்த சொந்தக்காரரிடம் போய்விட்டார்கள்.

குணதாச அந்தப் பொய்யை எப்படி அவ்வளவு கெதியாகக் கண்டுபிடித்தார் என்று நான் பல நாள் வியந்துகொண்டிருந்தேன்.

காசிம் நானா வீட்டில் ஒன்பது நாள் இருந்தோம். அம்மா யாழ்ப்பாணம் போவோம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "என்ர வீட்டு யன்னலை உடைச்சவன் பார்க்க நான் அதே யன்னலுக்குத் திரை போடுவன்," என்றாள். அப்படியே செய்தாள்.

ஒரு மாதம் கழித்து விசாரணை வந்தது.

இருபத்தெட்டுப் பேரை ஆற்றைக் கடத்திய மனிதருக்குப் பாராட்டு வருமென்று நான் நினைத்திருந்தேன். வந்த கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அரசாங்க எஞ்சினின் ஒயில் பம்பை அனுமதியின்றிக் கழற்றியது ஏன், பெற்றோல் தொட்டியில் தேங்காய் எண்ணெய் காணப்பட்டது ஏன் என்று இரண்டே கேள்விகள். எஞ்சினியரும், கொழும்பிலிருந்து வந்த ஒரு கிளாக்கரும் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். கிளாக்கர் ஒவ்வொரு சொல்லையும் எழுதினார். உடைந்த யன்னலுக்கு அம்மா போட்ட பூப்போட்ட திரை காற்றில் அவர் கடதாசிகளின் மேல் அடித்துக்கொண்டே இருந்தது.

பம்பைக் கழற்றினீரா என்று எஞ்சினியர் கேட்டார். கழற்றினேன் என்றார் அப்பா. யார் அனுமதி தந்தது? ஒருவரும் இல்லை. தவறென்று ஒப்புக்கொள்கிறீரா? இல்லை. மறுபடியும் கழற்றுவீரா? மறுபடியும் கழற்றுவேன், ஆனால் அடுத்த முறை ஒயில் நிறைத்த போத்தலைப் படகில் வைப்பேன். கதவோரம் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்ற எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பிறகு எஞ்சினியர் நாட்குறிப்பை எடுத்து, தன் உத்தரவை அப்பா எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டினார். அன்றைக்குப் படகு எத்தனை தரம் ஆற்றில் இறங்கியது என்று கேட்டார்.

"ஏழு தரம், சேர்."

"எதற்கு?"

"நீங்கள் சொன்னபடி நீரோட்டம் அளக்க."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. எவருக்கும் பயப்படாத அப்பா, அவர்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பொய் சொன்னார்.  நான் சிங்களத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற குரலில் உரத்துச் சொன்னேன்.

"அளக்கவே இல்லை! கருவிப் பெட்டி நாள் முழுக்க இந்த அறையிலதான் இருந்தது. படகில் இருந்தது நாங்கள். நானும் அம்மாவும் தம்பியும், மாரிமுத்து மாமா வீட்டுக்காரரும், எல்லாரும்!"

கிளாக்கரின் பேனை நின்றது. அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவை, பிறகு எஞ்சினியரை.  உள்ளே அம்மா கையிலிருந்து ஏதோ விழுந்து உருண்டது.

எஞ்சினியர் என் பக்கம் திரும்பவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சின்னப் பிள்ளைகள் சொல்வதை விசாரணையில் எழுதுவதில்லை," என்று கிளாக்கரிடம் சொன்னார். "ஏழு தரம் அளந்ததாக எழுதும். இனித் தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். அதுதான் பாரதூரமான விஷயம்." அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம், நான் கண்ட எந்தப் பெரிய மனிதரும் பேசாத மும்முரத்தோடு அவர் தேங்காய் எண்ணெயைப் பற்றியே பேசினார். கிளாக்கர் கை வலிக்க எழுதினார்.

அப்பாவுக்குக் கடும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பம்பைத் திரும்பப் பூட்டும்படி உத்தரவு. அவர் பூட்டினார். பூட்டிவிட்டுப் பெற்றோலிலும் ஒயிலைக் கலந்தார். இரட்டை ஒயிலில் எஞ்சின் புகைத்துத் தள்ளியது. "இப்ப ரெண்டு பேரும் சரி," என்றாள் அம்மா. அவர் சிரிக்கவில்லை.

அன்று விசாரணை முடிந்து போகும்போது எஞ்சினியர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் முகத்தைத் திருப்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஜீப்பின் சத்தம் றோட்டில் ஏறி மறையும்வரைக்கும் திரும்பவில்லை. சில மாதத்தில் அவரை எங்கோ தூர மாற்றிவிட்டார்கள். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

அன்றைக்கு அப்பா என்னை ஏசவில்லை. அடிக்கவும் இல்லை. பக்கத்தில் வந்து நின்று, என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அதுவும் ஆத்திரமாகத்தான் இருந்தது. அந்த அறையில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்ற பெருமையோடு, யார் கூப்பிட்டும் போகாமல், சாப்பிடாமல் இருந்தேன்.